மாப்பிள்ளை வீட்டு ஜாடியில் ஊறிய கட்டை

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். மறதியும் உண்டு. அதிலும் இந்தப் பயணத்தில் ஒரு காலைப்பொழுது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஏன் நினைவில்லை என்பது போகப் போகத் தெரியும். அதுவரை பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

சிங்கப்பூர், துபாய் என்று போய்வந்தவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் போனது ஓசூர் எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கு. எங்கள் வேப்பனப்பள்ளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனாலும் பஸ்ஸின் நெற்றியில் வேறு எழுத்து இருந்தது, தனியாகப் போனேன். எனக்கு அது வெளிநாடுதான்.

போனது மாப்பிள்ளையை அழைக்க. சின்ன மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் பையனின் அக்கா போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அக்கா என்றால் என் மகள் மஞ்சுளா. அவளோ, "அவரு வராம நா வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவர் ஏன் வரமாட்டார் என்றால், ஒரு தீபாவளிக்கு வந்தபோது நண்பர் வீட்டில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். பந்தியில் அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரர், "குடிகாரனுக்குப் பொண்ணு குடுத்துட்டேன்" என்றார். மாப்பிள்ளை இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போய்க் கூப்பிட மாட்டார். போனும் பண்ண மாட்டார். "நீ போயி இட்டுனு வா" என்று என்னை அனுப்பினார். பேசத் தெரிந்த ஆளைத் தேடித் தேடி என்னைப் பிடித்தார் போலிருக்கிறது. மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு கேட்பதற்கே மூன்று பேர் வாங்கிப் போகும்வரை நிற்கிறவள் நான்.

முதல் நாள், ஓசூரில் கர்நாடகா பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஒரு பை நிறைய நீலம் மாம்பழம். தோளில் துணிப்பை. அதில் ஒரு புடவை, சர்க்கரை மாத்திரை, மஞ்சள் துணியில் முடிந்த வேங்கைக் கட்டை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை. ராத்திரி ஒரு செம்புத் தண்ணீரில் வேங்கைக் கட்டையைப் போட்டு வைத்தால் விடிவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். அதை வெறும் வயிற்றில் குடிப்போம். எந்த ஊருக்குப் போனாலும் கட்டை என்னுடன் வரும்.

நம் பக்கத்து டவுன் பஸ்ஸில் பெண்களிடம் காசு கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ஆதார் கேட்டார். நீட்டினேன். எனக்குக் கன்னடம் மாங்காய் விற்கிற அளவுக்கு வரும். அவர் சொன்னது இது: "அம்மா, இதுல உங்க ஊரு தமிழ்நாடுன்னு போட்டிருக்கு. இலவசம் எங்க ஊரு பெண்களுக்குத்தான். டிக்கெட் வாங்குங்க."

எனக்கு முகம் சுட்டது. சுருக்குப்பையைத் தேட எழுந்த நேரத்தில் டிரைவர் பிரேக் போட்டார். பை கிழிந்து மாம்பழம் அத்தனையும் சீட்டுகளுக்கு அடியில் உருண்டது. எல்லையில் லாரிகள் நின்று பஸ்ஸும் நகரவில்லை. கம்பெனி சட்டை போட்ட பிள்ளைகள் குனிந்து பொறுக்கித் தந்தார்கள். ஒருவன் தெலுங்கில், "பாட்டி, இது டிக்கெட்டுக்கு லஞ்சமா" என்றான். கண்டக்டரும் ஒன்றைப் பொறுக்கினார். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் திருப்பித் தருகிற மாதிரி தெரியவில்லை.

பக்கத்தில் துணி மூட்டையோடு ஒரு பாய் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நைட்டித் துணி வாங்கி ஊர் ஊராக விற்கிறவராம். "எங்கம்மா போற?" என்றார்.

"மாப்பிள்ளைய அழைக்க."

"அழைக்கறதுன்னா வாயத் தொறக்கணுமே. நீ டிக்கெட்டு கேக்கறதுக்கே மாங்காயக் கொட்டுற."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் இறங்கும்வரை அது என் காதிலேயே இருந்தது.

மகள் வீடு மேல் மாடியில். லிப்டில் ஏறினால் வயிறு கீழேயே நின்றுவிடுகிறது. படியில் ஏறினேன். மகள் களி கிண்டியிருந்தாள். அங்கே அதை முத்தே என்கிறார்கள். நம் களி கொஞ்சம் சாய்ந்து உட்காரும். அது பந்து போல உருண்டு தட்டில் நிற்கிறது. கீரைச் சாற்றில் தோய்த்து விழுங்கினால் தொண்டைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாயந்திரம் மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்தார். சீனிவாசன் என்று பெயர். மிஷின் பூட்டுகிற வேலை. "வாங்க அத்த" என்றார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை எதிரில் மாமியார் உட்கார மாட்டோம், முகம் பார்த்துப் பேசவும் மாட்டோம். நான் பிரிட்ஜ் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார். பிரிட்ஜ் கீய் கீய் என்று கத்த ஆரம்பித்தது. மகள் வந்து கதவைச் சாத்தினாள்.

"கேட்டியாம்மா?"

"நாளைக்கு."

"ஐஸ்பொட்டிக்குள்ள நின்னுனு எப்பிடிக் கேப்ப" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உப்பு தேடும்போதுதான் அதைப் பார்த்தேன். கடுகு, மிளகு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி. மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. உள்ளே ஏதோ தண்ணீர். அதில் விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று கட்டைகள், மேலே கருகியிருந்தன. தண்ணீர் சீரகத் தண்ணீர் மாதிரி லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

"இது என்னாடி?"

மகள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். "மருந்துத் தண்ணிம்மா. கட்ட போட்டு ஊற வெச்சிருக்குது. அவருதான் வெச்சாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாங்கள் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பினோம். அவரோ நான் வருகிறேன் என்று தெரிந்து என் சர்க்கரைக்குக் கட்டை ஊற வைத்திருக்கிறார். அவருக்குத்தான் விவரம் போதவில்லை. கடைக்காரன் கருகிப்போன கட்டையை வேங்கை என்று தலையில் கட்டியிருக்கிறான். எத்தனை நாளாக ஊறுகிறதோ, நிறமே இறங்கவில்லை. நல்ல வேங்கையாக இருந்தால் ஒரே ராத்திரியில் ஜாடி சிவந்திருக்கும்.

மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது. எல்லோரும் டிவி பார்க்கும்போது ஜாடியைத் திறந்து அந்தக் கரிக்கட்டைகளை எடுத்துவிட்டு என் வேங்கைக் கட்டைகளைப் போட்டு மூடினேன். கரிக்கட்டைகளைக் கழுவிப் பால்கனியில் துணி காயும் இடத்தில் காகிதத்தில் பரப்பினேன். மரத்தை வீசுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஜாடியைத் திறந்தபோது வாசனை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது ஜலதோஷம். இல்லாவிட்டாலும் என்னத்தைக் கண்டுபிடித்திருப்பேன், சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் விடிகாலையில் ஜாடியைப் பார்த்தேன். அப்படி ஒரு நிறம். நாவல் பழம் கரைத்த மாதிரி. எங்கள் வீட்டுத் தண்ணீரில் விளிம்பில் ஒரு நீலம் தெரியும், இதில் அது தெரியவில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். ஊர் மாறினால் தண்ணீர் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேங்கைத் தண்ணீரை நான் எப்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பேன். துவர்ப்பு தெரியாது. அப்படியே சின்ன டம்ளரில் பாதி ஊற்றி மடக்கினேன். தொண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் யாரோ கொள்ளிக்கட்டை இழுத்த மாதிரி இருந்தது. நல்ல மருந்து, உடனே வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இனி நான் எழுதுவது மகள் சொன்னது. எனக்கு நினைவில் இருப்பது காது சுட்டதும், சமையல் மேடை கொஞ்சம் சாய்ந்ததும், மனதில் பயம் என்று ஒன்று இல்லாமல் போனதும்தான்.

மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். நான் நடுவழியில் நின்று, "மாப்ள, நில்லுங்க" என்றேனாம்.

அவர் நின்றிருக்கிறார்.

"நீங்க வரலன்னா மூணாவது முடிச்சு யாரு போடுவா? எங்க வீட்டுக்காரரா போடுவாரு? அவருக்கு வேட்டியே நிக்காது."

"அம்மா" என்று மகள் கையைப் பிடித்திருக்கிறாள். உதறிவிட்டேனாம்.

"நீ இருடி. மாப்ள, அவரு வாயி மாங்காப் பாலு மாதிரி. பட்ட எடம் புண்ணாப் போவும். காம்பக் கிள்ளி வெச்சுட்டா உள்ள பழந்தான். ஒரு நா ஒரு கிளாசு குடிச்சவன் குடிகாரன்னா, ஒரு நா கோயிலுக்குப் போனவன் பூசாரியா? அன்னிக்கே நா இதக் கேட்டிருக்கணும். கேக்கல. சோத்துக் குண்டானக் கையில வெச்சுனு மரமா நின்னேன். நீங்க எலய மூடினது எனக்கு இன்னும் கண்ணுலயே கீது."

அவருடைய மீசையைப் பற்றியும் ஏதோ சொன்னேனாம். மகள் அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தாராம். நான் விடவில்லை. "அப்பிடிப் பேசினவங்க வீட்டு மனுஷிக்கு மருந்து ஊற வெச்சீங்களே, அதுதான் பெரிய மனசு. உங்க தண்ணி நல்ல காரம் மாப்ள. ஆனா கட்டக் கடக்காரன் உங்கள ஏமாத்திட்டான். வெறுங் கரிக்கட்ட. மாத்திட்டேன்."

இந்த இடத்திலிருந்து எனக்கே கொஞ்சம் நினைவு வருகிறது. அவர் தாவிப்போய் அலமாரியைத் திறந்தார். ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "மஞ்சு, ஒரே ராத்திரியில இந்த நெறம் எப்பிடி வந்துது? ஆறு மாசம் ஆவும்னு கட்ட குடுத்த ஆளு சொன்னாரே" என்றார். பிறகு உள்ளே கிடந்த கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடைமேல் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அத்த, இது மருந்து இல்ல. விஸ்கி."

நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஐம்பது வருஷமாகத் தெருவில் சாராயக்காரன் வந்தால் ஓரமாக ஒதுங்கி நடந்தவள். மாப்பிள்ளையைக் குடிகாரன் என்ற குடும்பத்துக்காரி, பல் விளக்கிய கையோடு அவர் வீட்டுச் சரக்கைக் குடித்துவிட்டு நிற்கிறேன். வெளியே மகள் அழுகிறாள். "நாந்தாம்மா மருந்துன்னு சொன்னேன். வூட்டுல சரக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா அப்பா சொன்னது சரின்னு ஆயிடுமேன்னு பயந்துட்டேன்."

மாப்பிள்ளையின் குரல் கதவுக்கு அருகில் கேட்டது. "வெளிய வாங்க அத்த. மயக்கம் வந்து உள்ள வுழுந்துறப் போறீங்க."

போகிற முகம் ஏது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "அப்ப அந்தக் கட்ட என்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

வெளியே அவர் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "வடிக்கும்போது அது தண்ணி மாதிரித்தான் இருக்கும் அத்த. நெறமே கெடையாது. வெளிநாட்டுல ஓக்குன்னு ஒரு மரம். அதுல பீப்பா பண்ணி, உள்பக்கத்த நெருப்புல கருக்கி, அதுல ஊத்தி வருசக்கணக்கா வெப்பாங்க."

"கருக்குவானேன்?"

"மரத்துக்குள்ள ஒரு சக்கர கீது. சூடு பட்டா பாகு மாதிரி செவக்கும். வெயில் காலத்துல சரக்கு மரத்துக்குள்ள பூரும், குளிருக்கு வெளிய வரும். போயிட்டு வந்துனு இருக்கும்போது நெறத்தயும் வாசனயும் இழுத்துனு வரும். வூட்டுல பீப்பாவுக்கு எடம் ஏது. கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த வெள்ளக்காரரு, கருக்குன கட்ட நாலஞ்சு குடுத்தாரு. நெறமில்லாத சரக்க வாங்கி அதுல ரெண்டு மூணு போட்டு வெச்சேன். அவரு மறுபடி வரும்போது தொறக்கலாம்னு."

"கடையில விக்கறது எல்லாம் அப்பிடித்தானா?"

"சிலதுல சக்கரயக் கருக்கி நெறத்துக்கு ஊத்திருவாங்க. அதனாலதான் நானே போட்டுப் பாக்கறேன். சரக்குக்குன்னு சொந்தமா நெறம் ஒண்ணும் இல்ல அத்த. வெக்கற எடம் குடுக்கறதுதான்."

கரும்புச் சாறு வெல்லமாகும்போது சிவப்பது எனக்குத் தெரியும். கருக்கிய கட்டைக்குள் பாகு இருப்பது தெரியாது. நான் கரி என்று கழுவிப் போட்டதுதான் அவருடைய நிறம். அவருடைய ஆறு மாசத்தை ஒரே ராத்திரியில் கஷாயம் ஆக்கிவிட்டேன்.

கதவைத் திறந்தேன். மகள் மோர் கொடுத்தாள். மத்தியானம்வரை தூங்கினேன். எழுந்தபோது மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. குடித்துவிட்டுத் தூங்கியவளுக்கு இனி என்ன மரியாதை முறை.

"அத்த, காலையில நீங்க சொன்னதே எனக்குப் போதும். ஆனா மாமா ஒரு வார்த்த கூப்பிடணும். மன்னிப்பெல்லாம் வேணாம். ஒரு போனு. நேரா அவரு குரல்ல. வந்துடுவேன்."

இது நியாயம்தான். ஆனால் என் வீட்டுக்காரரிடம் அந்த ஒரு போனை வாங்குவதற்குள் மாமரத்தில் தேங்காய் பறித்துவிடலாம். மாப்பிள்ளைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் கிளம்பினேன். பால்கனியில் காய்ந்த கரிக்கட்டைகளைத் தந்தேன். "இது இனி எனக்கு ஆவாது அத்த, சாரமெல்லாம் போயிட்டுது. உங்க கட்டதான் ஜாடியில கீது, பதிலுக்கு நீங்க வெச்சுக்கங்க" என்று சிரித்தார். மஞ்சள் துணியில் முடிந்து பையில் போட்டேன்.

இந்த முறை டிக்கெட் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அதனால் வேறு இடத்தில் இடித்தது. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, அந்தப் பக்கத்து பாட்டில் யாராவது கொண்டுவருகிறார்களா என்று பையைப் பார்த்தார்கள். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். பாட்டில் இல்லைதான். ஆனால் சரக்கில் ஊறிய கட்டை இருக்கிறதே, அதற்கு என்ன சட்டமோ. போலீஸ்காரப் பிள்ளை மஞ்சள் முடிச்சை எடுத்துப் பார்த்தான்.

"என்னாம்மா இது?"

"மருந்துக் கட்ட சாமி. சக்கரைக்கு."

அவன் முகர்ந்தான். நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். "நல்ல வாசனையா கீதே. எங்கம்மாவுக்கும் சக்கரதான். எங்க கெடைக்கும்?"

"மாப்பிள்ள குடுத்தாரு" என்றேன். பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டது, "என்னா சொன்னான்?"

"நீங்க ஒரு போனு போட்டா வருவாராம்."

"நானா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. என் தைரியமெல்லாம் அத்திப்பள்ளி ஜாடியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது அவர் செம்பும் கையுமாக நின்றிருந்தார். ராத்திரி வேங்கைக் கட்டை தேடியிருக்கிறார். என் பையில் மஞ்சள் முடிச்சு இருந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டார்.

"இது நம்ம கட்ட இல்லியே. யாரு குடுத்தது?"

"மாப்பிள்ள" என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கா?"

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அதைத் தலையாட்டல் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மடக்குக் குடித்தார். நிறம் ஒன்றும் பெரிதாக இல்லை, லேசான மஞ்சள். நாக்கைச் சப்பினார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"தொவர்ப்பே இல்ல. வெல்லப்பாகு வாசன. நம்ம கட்டயெல்லாம் இதுங்கிட்ட நிக்குமா. பையன் மரத்தப் பாத்துத்தான் வாங்கியிருக்கான்." காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நா அவ்வளோ பேசியும் எனக்குக் குடுத்து வுட்டிருக்கான் பாரு."

மூன்று நாள் அதையே குடித்தார். நாலாம் நாள் என்னிடம் போனைக் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சீனு... நாந்தான். கட்ட குடிக்கறேன். நல்லா இருக்குது." போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். "அலோ, கேக்குதா? ஆவணியில கல்யாணம். நீ வரணும். முன்னாடியே வந்துடு. பந்தியில எம் பக்கத்துல ஒக்காரணும்."

வருகிறேன் என்றாராம். மகள் அப்புறம் போனில் அழுதாள், சிரித்தாள், இரண்டும் செய்தாள். ஜாடியை மாப்பிள்ளை கொட்டவில்லையாம். வெள்ளைக்காரர் வந்தால், எங்கள் அத்தை கண்டுபிடித்த முறை என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கப் போகிறாராம்.

என் வீட்டுக்காரர் பஞ்சாங்கம் தவிர எதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இதை எழுதிவிட்டேன். ஓக் மரம், பாகு, வெயில், குளிர் என்று நான் எழுதியதெல்லாம் பாத்ரூம் கதவுக்கு உள்ளே இருந்து, மயக்கத்தோடு கேட்டது. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, சரக்கில் ஊறிக் காய்ந்த கட்டையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா, அதைத் தினம் குடித்தால் சர்க்கரைக்கு ஒன்றும் செய்யாதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது இன்னும் இரண்டு கட்டை கொண்டு வரச் சொல்லி மாப்பிள்ளையிடம் என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.